கடைத் தரவுத்தளத்துக்கு உடனுக்குடன் ஒரு பிரதி: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் இப்போது சின்ன மருந்துக்கடையிலும் பில் கணினியில்தான் போடுகிறார்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடையின் சீட்டுக் கணக்கு, சுன்னாகத்து ஹாட்வெயார் கடையின் கடன் கொப்பி, கூட்டுறவுச் சங்கத்தின் பங்குதாரர் பட்டியல் எல்லாமே ஒரு தரவுத்தளத்துக்குள் போய்விட்டன. அந்தத் தரவுத்தளம் பெரும்பாலும் மேசைக்குக் கீழே இருக்கிற ஒரே ஒரு கணினியில், ஒரே ஒரு டிஸ்கில்தான் இருக்கிறது. 'இதை வேறொரு இடத்துக்கு உடனுக்குடன் கொப்பி பண்ண வழி இருக்கா?' என்று கடைக்காரர்களும் கிளினிக் நடத்துபவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கு மென்பொருள் போட்டுக்கொடுக்கும் தம்பிமாரும் கேட்கிறார்கள். வழி இருக்கிறது. ஆனால் பலர் முதலில் கையில் எடுப்பது பிழையான வழி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தரவுத்தளக் கோப்பு இருக்கிற ஃபோல்டரை அப்படியே இன்னொரு கணினிக்குக் கொப்பி பண்ணிக்கொண்டிருந்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

நீங்கள் ஒரு பில்லைப் போட்டு 'சேமி' என்று அழுத்தியதும், தரவுத்தள இயந்திரம் அதை நேரே பிரதான கோப்பில் எழுதிவிடுவதில்லை. முதலில் லொக் என்கிற பரிவர்த்தனைப் பதிவில் 'இந்த இடத்தில் இந்த மாற்றம்' என்று ஒரு குறிப்பு எழுதுகிறது. அந்தக் குறிப்பு டிஸ்கில் ஏறியதும் பில் முடிந்ததாகக் கணக்கு. பிரதான கோப்பில் அந்த மாற்றம் சற்றுப் பிந்தி, வேறு பல மாற்றங்களோடு சேர்ந்து எழுதப்படும். வர்த்தகம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல: நாளேட்டில் முதலில் பதிந்து, பேரேட்டுக்குப் பிறகு மாற்றுகிற அதே ஒழுங்கு. இந்த முறையை முழுமையாக வகுத்து 1992இல் வெளியான ஏரீஸ் என்ற ஆய்வுக் கட்டுரையின் முதன்மை ஆசிரியர் சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம்மில் பணியாற்றிய சி. மோகன். இன்று நாம் பயன்படுத்துகிற பெரிய தரவுத்தளங்கள் பலவற்றின் அடியில் இந்தச் சிந்தனைதான் ஓடுகிறது.

ஆக, கடை திறந்திருக்கிற எந்த நேரத்திலும் பிரதான கோப்பு மட்டும் முழு உண்மை அல்ல. பிரதான கோப்பு, லொக், கணினியின் நினைவகம் மூன்றும் சேர்ந்ததுதான் உண்மை. வெளியிலிருந்து ஒரு கொப்பி மென்பொருள் வந்து பிரதான கோப்பின் முதல் பாதியை 10.02க்கும் மறு பாதியை 10.03க்கும் லொக்கை 10.05க்கும் எடுத்தால், அந்தத் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. மைக்ரோசொஃப்ட்டின் தரவுத்தள இயந்திரமான எஸ்கியூஎல் சேர்வர் 8 கிலோபைட் பக்கங்களாக எழுதுகிறது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி வழமையாக 16 கிலோபைட். ஒரு பக்கம் பாதி எழுதப்பட்டிருக்கும்போது அதையும் கொப்பி பிடித்துவிடலாம். அப்படி எடுத்த பிரதி பார்வைக்கு முழுசாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும். திறக்கும்போதுதான் சிக்கல் தெரியும். அதைவிட மோசம், திறந்து, ஆனால் உள்ளே சில பில்கள் மட்டும் பிசகி இருப்பது.

எனவே கோப்பைக் கொப்பி பண்ண வேண்டாம். தரவுத்தள இயந்திரத்திடமே 'நீ ஒரு பிரதி எழுதித் தா' என்று கேளுங்கள், அல்லது அதன் லொக்கை மற்ற இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். கீழே வருகிற பதில்கள் எல்லாம் இதை ஒவ்வொரு மென்பொருளிலும் எப்படிச் செய்வது என்பதுதான்.

'ரியல் டைம்' என்று போட்டு விற்கிற கோப்பு ஒத்திசைவு மென்பொருள்கள் இருக்கின்றனவே?

படங்களுக்கும் ஆவணங்களுக்கும் அவை நல்லவை. தரவுத்தளத்துக்குச் சரிவராது. அவற்றில் அநேகமானவை கோப்பின் அளவும் கடைசியாக மாறிய நேரமும் மாறியிருக்கிறதா என்று பார்த்தே வேலை செய்கின்றன. எஸ்கியூஎல் சேர்வர் தன் கோப்பைக் காலையில் திறந்தால் திறந்தபடியே வைத்திருக்கும். விண்டோஸில் எம்டிஎஃப் என்று முடிகிற அந்தப் பிரதான கோப்பின் மேல் வலது கிளிக் செய்து பாருங்கள்: காலையிலிருந்து பில் மேல் பில்லாகப் போட்டிருப்பீர்கள், 'மாற்றிய நேரம்' பழைய திகதியிலேயே நிற்கும். இடம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருப்பதால் அளவும் மாறியிருக்காது. ஒத்திசைவு மென்பொருளின் கண்ணில் எதுவும் நடக்கவே இல்லை. பச்சைக் குறி போட்டுவிட்டுச் சும்மா இருக்கும்.

இன்னும் சில, கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி அதைத் தாண்டிப் போய்விடும். விண்டோஸின் ஷாடோ கொப்பி வசதியைப் பயன்படுத்துகிற நல்ல மென்பொருள்கள் எஸ்கியூஎல் சேர்வரோடு பேசி, ஒரு கணம் நிறுத்தி, ஒழுங்கான பிரதி எடுக்கும். அது நம்பத்தக்கதுதான். ஆனால் அதுவும் குறித்த நேரத்துக்கு எடுக்கிற படம்தான், தொடர்ந்து ஓடுகிற பிரதி அல்ல.

கூகுள் டிரைவ் அல்லது ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் தரவுத்தளத்தை வைத்தால்?

தயவுசெய்து வைக்காதீர்கள். ஒத்திசைவு மென்பொருளும் தரவுத்தளமும் ஒரே கோப்புக்காக இழுபறிப்படும். இரண்டு கணினிகளில் திறந்திருந்தால் 'முரண்பட்ட பிரதி' என்று இரண்டு கோப்புகள் உருவாகி, காலைப் பில் ஒன்றிலும் மாலைப் பில் மற்றதிலும் போய் நிற்கும். எழுதி முடித்து மூடப்பட்ட பேக்கப் கோப்பை அங்கே போடுவது வேறு விஷயம். அது நல்லது, செய்யுங்கள்.

உடனுக்குடன் பிரதி ஓடுகிறது என்றால் தனியாக பேக்கப் எதற்கு?

பிரதி உங்கள் பிழையையும் உடனுக்குடன் பிரதி பண்ணும் என்பதற்காக. வேலைக்கு நிற்கிற பிள்ளை தவறுதலாக ஒரு மாதக் கொள்வனவை அழித்துவிட்டால், மறுகணமே மற்ற இடத்திலும் அது அழிந்திருக்கும். கப்பம் கேட்கும் வைரஸ் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புகளே ஒழுங்காகப் போய்ச் சேரும். ஒரே கணினியில் இரண்டு டிஸ்க் போட்டு ரெய்ட் 1 வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் பதில். டிஸ்க் பழுதுக்கு அது உதவும், பிழைக்கும் திருட்டுக்கும் உதவாது.

உலகறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர், இரண்டாம் சேர்வர் என்று நினைத்துப் பிரதான சேர்வரின் தரவு ஃபோல்டரை அழித்துவிட்டார். அவர்களிடம் பிரதி இருந்தது, பேக்கப்பும் பல வகையில் இருந்தது. ஆனால் தினசரி பேக்கப் மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் ஓடாமலே நின்றிருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு டிஸ்க் படம்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையால்தான் நாம் இன்று இதைப் படிக்க முடிகிறது.

ஆகவே இரண்டும் வேண்டும். டிஸ்க் செத்தால் உடனே எழும்ப ஒரு பிரதி, நேற்றைய நிலைக்கோ காலை 11.19க்கோ திரும்பிப் போக ஒரு பேக்கப் வரிசை. நல்ல செய்தி என்னவென்றால், சின்னக் கடைக்கு லொக் பேக்கப், அதாவது லொக்கைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தனிக் கோப்பாக எடுத்துவைக்கிற ஒரே ஏற்பாடு, இரண்டு வேலையையும் பெருமளவுக்குச் செய்துவிடும்.

எங்களிடம் இருப்பது எஸ்கியூஎல் சேர்வர் எக்ஸ்பிரஸ். அதில் மிரரிங் செய்யலாமா?

இங்கே கடைகளுக்குப் போடுகிற பில்லிங் மென்பொருள் பலவற்றின் அடியில் இதுதான் இருக்கிறது, இலவசம் என்பதால். தரவுத்தளத்தை இன்னொரு சேர்வரில் உடனுக்குடன் பிரதி பண்ணும் மைக்ரோசொஃப்ட்டின் 'டேட்டாபேஸ் மிரரிங்' எக்ஸ்பிரஸ் பதிப்புக்குக் கிடையாது. 2012 பதிப்போடு அதைக் கைவிடப்போவதாகவும் அறிவித்துவிட்டார்கள். அதற்கு மாற்றாக வந்த 'ஆல்வேஸ் ஒன்' எக்ஸ்பிரஸில் இல்லை. நேரம் குறித்து வேலை செய்விக்கும் ஏஜென்டும் இல்லை. ஆனால் லொக் பேக்கப் எடுக்கும் வசதி எக்ஸ்பிரஸில் முழுமையாக இருக்கிறது. நமக்கு அது போதும்.

முதலில் தரவுத்தளத்தின் 'ரிக்கவரி மொடல்' (லொக்கை எப்படி வைத்திருப்பது என்ற அமைப்பு) எது என்று பாருங்கள். எக்ஸ்பிரஸில் அநேகமாக 'சிம்பிள்' என்று இருக்கும். அதில் லொக் பேக்கப் எடுக்க முடியாது. 'ஃபுல்' என்று மாற்றிவிட்டு, கையோடு ஒரு முழு பேக்கப் எடுங்கள். அந்த முதல் முழு பேக்கப் எடுக்கும்வரை, பெயருக்குத்தான் 'ஃபுல்', நடப்பது பழையபடிதான். இன்னொன்று: 'ஃபுல்' ஆக்கிவிட்டு லொக் பேக்கப் எடுக்காமல் விட்டால் எல்டிஎஃப் என்று முடிகிற லொக் கோப்பு வளர்ந்துகொண்டே போய் டிஸ்க்கை நிரப்பி, ஒருநாள் பில் போடவே விடாது. 'சேர்வர் திடீரென்று நின்றுவிட்டது' என்று கூப்பிடுகிற இடங்களில் இதை அடிக்கடி காணலாம்.

பிறகு இரண்டு சின்ன கட்டளைக் கோப்புகள் எழுதுங்கள். ஒன்று ஒவ்வொரு இரவும் முழு பேக்கப் எடுப்பது. மற்றது 5 நிமிடத்துக்கு ஒருமுறை லொக் பேக்கப் எடுப்பது. இரண்டிலும், தரவு பிசகியிருக்கிறதா என்று பார்க்கும் 'செக்சம்' தெரிவைச் சேருங்கள். கோப்பின் பெயரில் திகதியும் நேரமும் வரவேண்டும், ஒன்று மற்றதின் மேல் எழுதப்படக்கூடாது. இவற்றை விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் போட்டு, 'பயனர் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடு' என்ற தெரிவைப் போடுங்கள். அதை மறந்தால், கரண்ட் போய் வந்து யாரும் லொகின் பண்ணாத காலையில் எதுவும் ஓடாது.

பேக்கப் விழுகிற ஃபோல்டர் வேறொரு டிஸ்கில் இருக்கட்டும். ஒரே டிஸ்கின் 'டி' பகுதி வேறு டிஸ்க் அல்ல. நேரே இன்னொரு கணினிக்கு எழுதச் சொல்லி, 'இசட் டிரைவ் எனக்குத் தெரிகிறது, எஸ்கியூஎல் சேர்வர் ஏன் இல்லை என்கிறது?' என்று பல தம்பிமார் மண்டையைப் போட்டு உடைக்கிறார்கள். அந்த டிரைவ் எழுத்து உங்கள் லொகினுக்கு மட்டும் உரியது. எஸ்கியூஎல் சேர்வர் ஓடுவது வேறொரு கணக்கில், அதற்கு அந்த எழுத்தே தெரியாது. வலையமைப்பு முகவரியை முழுதாகக் கொடுத்து, அந்தக் கணக்குக்கு அனுமதியும் கொடுக்க வேண்டும். என் தெரிவு: முதலில் உள்ளூர் டிஸ்கில் எழுதட்டும், பிறகு மற்றக் கணினி வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். வலையமைப்பு நின்றாலும் பேக்கப் நிற்காது.

பில்லிங் மென்பொருளே தானாக பேக்கப் எடுக்கிறது என்றால் கவனம். லொக் பேக்கப் ஒரு சங்கிலி. இரண்டு பேர் தனித்தனியாக லொக் எடுத்தால் சங்கிலி இரண்டு இடங்களில் பிரிந்து கிடக்கும், மீட்கும்போது நடுவில் ஒரு கண்ணி காணாமல் போயிருக்கும். லொக்கை ஒரே ஏற்பாடுதான் எடுக்க வேண்டும்.

அந்தப் பேக்கப் கோப்புகளை மற்ற இடத்துக்கு எப்படிக் கொண்டுபோவது?

முன்பு சொன்ன ஒத்திசைவு மென்பொருள்களுக்கு இப்போது வேலை வருகிறது. எழுதி முடித்து மூடிய கோப்புகளை அவை நன்றாகவே கொண்டுபோகும். உள்வலையமைப்பில் விண்டோஸோடு வருகிற ரோபோகொப்பி என்ற கொப்பிக் கட்டளை போதும். ஒரு கோப்பு பூட்டப்பட்டிருந்தால் அது வழமையாகப் பத்து லட்சம் தடவை, ஒவ்வொன்றுக்கும் 30 வினாடி காத்திருந்து முயலும். மீள்முயற்சியை ஒன்றிரண்டாகக் குறைத்துவிடுங்கள், அடுத்த சுற்றில் எடுத்துக்கொள்ளும். 'மிரர்' தெரிவை மட்டும் போடாதீர்கள்: மூல ஃபோல்டரில் அழிந்தது சேருமிடத்திலும் அழிந்துவிடும்.

வீட்டுக்கோ வேறு கிளைக்கோ இணையம் வழியாகக் கொண்டுபோவதானால் சிங்திங் என்ற ஒத்திசைவு மென்பொருள் நல்லது, இலவசம். கடைப் பக்கம் 'அனுப்ப மட்டும்', வீட்டுப் பக்கம் 'பெற மட்டும்' என்று வைத்து, வீட்டுப் பக்கத்தில் பழைய பதிப்புகளைச் சேமிக்கச் சொல்லுங்கள். எதற்காகவும் எஸ்கியூஎல் சேர்வரின் 1433 வாயிலையோ ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 வாயிலையோ ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கப்பக்காரர்கள் முதலில் தட்டுவது அவற்றைத்தான்.

முடிந்தவரை பிரதிக் கணினி வந்து இழுக்கட்டும், கடைக் கணினி தள்ள வேண்டாம். கடைக் கணினியிடம் பிரதி இடத்துக்கு எழுதும் உரிமை இருந்தால், அதற்குள் வருகிற வைரஸுக்கும் அந்த உரிமை இருக்கும். பிரதிக் கணினி தன் சொந்தப் பாஸ்வேர்ட்டோடு, வாசிக்க மட்டும் உரிமை பெற்று வந்து எடுத்தால், கடைக் கணினியால் அங்கே எதையும் தொட முடியாது.

மைஎஸ்கியூஎல், மரியாடிபி வைத்திருப்பவர்கள்?

உங்களுக்கு உண்மையான உடனுக்குடன் பிரதி இலவசமாகவே இருக்கிறது. 'ரெப்ளிகேஷன்' என்பார்கள். பிரதான சேர்வர் ஒவ்வொரு மாற்றத்தையும் பைனரி லொக்கில் எழுதும், பிரதிச் சேர்வர் அதை வாங்கித் தன்னிடம் திரும்பச் செய்யும். மைஎஸ்கியூஎல் 8.0 முதல் பைனரி லொக் இயல்பாகவே இயங்கும். மரியாடிபியில் நீங்கள்தான் இயக்க வேண்டும். எக்ஸாம்ப் என்ற இலவசத் தொகுப்பைப் போட்டு ஓட்டுகிற பலரிடம் இருப்பது மரியாடிபிதான், அதை முதலில் கவனியுங்கள்.

இங்கே ஓர் அழகான வசதி உண்டு. பிரதிச் சேர்வரை வேண்டுமென்றே பின்னால் ஓடவிடலாம். மைஎஸ்கியூஎல் 5.6இலிருந்தும் மரியாடிபி 10.2 வரிசையிலிருந்தும் இது இருக்கிறது. ஒரு மணி நேரம் பின்தங்கவிட்டால், யாராவது ஓர் அட்டவணையை அழித்தது அந்த நேரத்துக்குள் தெரிந்தால் பிரதியை நிறுத்தி அதைக் காப்பாற்றலாம். கூடவே தினமும் 'மைஎஸ்கியூஎல் டம்ப்' கருவியால் பேக்கப் எடுங்கள். 'சிங்கிள் ட்ரான்சாக்ஷன்' தெரிவைப் போட்டால் கடை நடந்துகொண்டிருக்கும்போதே, இன்னோடிபி அட்டவணைகளைப் பூட்டாமல், ஒரே கணத்தின் நிலையை எடுத்துத் தரும்.

எக்ஸாம்ப்பின் தரவு ஃபோல்டருக்குள் தங்கள் கடையின் பெயரில் இருக்கிற ஃபோல்டரை மட்டும் பென் டிரைவில் கொப்பி பண்ணி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்னோடிபி அட்டவணைகளின் விவரம் அதற்கு வெளியே, ஐபிடேட்டா1 என்ற கோப்பிலும் இருக்கிறது. அது இல்லாமல் புதிய கணினியில் போட்டால் அட்டவணைப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒன்றைத் திறந்தால் 'இயந்திரத்தில் இந்த அட்டவணை இல்லை' என்று 1932ஆம் இலக்கப் பிழை வரும். பெயர்கள் தெரிவதைப் பார்த்து ஆறுதல்பட்டவர்களுக்கு அந்த இடம் மிகக் கொடுமையானது.

போஸ்ட்கிரெஸ்?

போஸ்ட்கிரெஸும் ஓர் இலவசத் தரவுத்தளம். தொடர் பிரதிக்கு, எஸ்கியூஎல் சேர்வர், மைஎஸ்கியூஎல், இது என்ற மூன்றிலும் ஒழுங்கானது இதுதான் என்பேன். அதன் லொக் 16 மெகாபைட் துண்டுகளாக வரும். அவற்றை ஒவ்வொன்றாகக் காப்பகத்துக்கு அனுப்பலாம், அல்லது பிரதிக் கணினியில் 'பிஜி ரிசீவ்வால்' என்ற கருவியை ஓடவிட்டு எழுத எழுதவே வாங்கலாம். நம்மூர் நிலைமைக்கு ஒரு எச்சரிக்கை: 'ரெப்ளிகேஷன் ஸ்லொட்' (பிரதிக் கணினி எதுவரை வாங்கியது என்று நினைவில் வைக்கும் அடையாளம்) வைத்திருந்து, பிரதிக் கணினி நாட்கணக்கில் அணைந்து கிடந்தால், அது வாங்கும்வரை பிரதான சேர்வர் லொக்குகளைச் சேர்த்துச் சேர்த்து டிஸ்க்கை நிரப்பிவிடும். பதிப்பு 13 முதல் இதற்கு ஒரு மேல் எல்லை வைக்க முடிகிறது. வையுங்கள்.

அக்சஸ், டேலி, எஸ்கியூலைட்?

அக்சஸிலும் டேலியிலும் தொடர் பிரதிக்கு முயல வேண்டாம். கடை மூடியபிறகு, எல்லோரும் மென்பொருளை விட்டு வெளியே வந்தபின் பேக்கப் எடுங்கள். டேலிக்கு அதன் சொந்த பேக்கப் வசதி இருக்கிறது. அக்சஸில் பூட்டுக் கோப்பு மறைந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கொப்பி பண்ணுங்கள். எஸ்கியூலைட்டில் 'பேக்கப்' கட்டளையோ 'வேக்யூம் இன்டு' கட்டளையோ ஓடும்போதே சரியான பிரதி தரும். வெறும் கோப்பை மட்டும் கொப்பி பண்ணி, பக்கத்தில் '-wal' என்று முடிகிற லொக் கோப்பை விட்டுவிட்டால் கடைசி மாற்றங்கள் போய்விடும்.

இரண்டாவது இடம் எங்கே இருக்க வேண்டும்?

கடைக்கு வெளியே. மேல்மாடி வெளியே அல்ல, பக்கத்துக் கடையும் அல்ல. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது குடாநாடு எப்படி வெள்ளத்தில் நின்றது என்று தெரியும். மழைக்காலத்து இடி ஒரே மின் இணைப்பில் இருக்கிற இரண்டு கணினியையும் சேர்த்துத்தான் தாக்கும். 1981இல் யாழ். பொது நூலகத்தை எரித்தபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவை இருந்தன, அவை திரும்பி வரவே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் நம்மவர்கள் ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கிப் பொதுவில் வைப்பதற்கு அந்த இழப்பின் நினைவும் ஒரு காரணம். கடைக் கணக்கை அதோடு ஒப்பிடவில்லை. பிரதி இன்னொரு இடத்தில் இருக்க வேண்டும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்கிறேன்.

கடை நகரத்தில் என்றால், கொக்குவிலிலோ சாவகச்சேரியிலோ வீட்டில் ஒரு பழைய கணினி போதும். கூடவே வாரம் ஒருமுறை முழு பேக்கப் ஒன்று கொழும்புக்கோ கிளவுட்டுக்கோ போகட்டும்.

கொழும்புக்கு நேரடித் தொடர் பிரதி வைக்க விரும்புகிறவர்கள் 'சின்க்ரனஸ்' முறையைத் தவிருங்கள். அதில் ஒவ்வொரு பில்லும் மறுமுனை 'கிடைத்தது' என்று சொல்லும்வரை காத்திருக்கும். வீதி வழியே சுமார் 400 கிலோமீற்றர். ஃபைபருக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் போகிறது, அப்படியானால் போய்வரவே 4 மில்லிவினாடி, நடைமுறையில் அதைவிடக் கூடும். அதுகூடப் பரவாயில்லை. இணையம் அறுந்தால் கடையில் பில் நின்றுவிடும் என்பதுதான் பிரச்சினை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வரிசையில் ஆட்கள் நிற்கும்போது அது நடந்தால் நீங்களே பிரதியைப் பிடுங்கி எறிந்துவிடுவீர்கள். பின்தொடர்ந்து போகிற 'அசின்க்ரனஸ்' முறையில் சில வினாடிகள் இழக்கலாம், கடை நிற்காது.

அனுப்பும் வேகத்தையும் பாருங்கள். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் வினாடிக்கு 5 மெகாபிட் என்றால் 4 கிகாபைட் முழு பேக்கப் போக ஒன்றே முக்கால் மணி நேரம் எடுக்கும். எக்ஸ்பிரஸ் பதிப்பு பேக்கப்பைச் சுருக்கித் தராது, 7சிப் என்ற சுருக்கும் மென்பொருளைப் போட்டுச் சுருக்குங்கள், நன்றாகவே குறையும். முழு பேக்கப் இரவில் போகட்டும். 5 நிமிட லொக்குகள் சின்னவை, பகலில் போவதே தெரியாது.

கரண்ட் அடிக்கடி போகிறது. அதற்கு என்ன செய்வது?

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுக்க ஒரேயடியாக இருண்டது. எனவே யுபிஎஸ் இல்லாமல் இந்த ஏற்பாட்டைத் தொடங்கவே வேண்டாம். யுபிஎஸ்ஸோடு வரும் யுஎஸ்பி வயரைக் கணினியில் செருகி, பற்றரி குறைந்தால் கணினி தானாக ஒழுங்காக அணையும்படி வையுங்கள். அந்த வயர் பெட்டிக்குள்ளேயே கிடக்கிற கடைகள்தான் அதிகம். ரவுட்டருக்கும் சின்ன பேக்கப் பற்றரி ஒன்று போடுங்கள்.

பிரதி வெளியே போகிறது என்றால் இரகசியம்?

கிளினிக், மருந்துக்கடை வைத்திருப்பவர்கள் இதை இலேசாக எடுக்க வேண்டாம். நோயாளியின் பெயரும் நோயும் உங்கள் சொத்து அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. கடையை விட்டு வெளியே போகும் கோப்பு பாஸ்வேர்ட் போட்டுக் குறியாக்கம் செய்யப்பட்டே போக வேண்டும். 7சிப் அதையும் செய்யும். பாஸ்வேர்ட்டை ஒரு தாளில் எழுதி வீட்டு அலுமாரியில் வையுங்கள். சேர்வரில் மட்டும் எழுதி வைத்தால் சேர்வரோடு அதுவும் போய்விடும்.

எல்லாம் ஓடுகிறது என்று எப்படி நிச்சயிப்பது?

மீட்டுப் பார்த்துத்தான். வேறு வழி இல்லை. பேக்கப்பை 'சரிபார்' என்று சொல்கிற கட்டளை கோப்பை வாசிக்க முடிகிறதா என்று மட்டும் சொல்லும், உள்ளிருக்கும் தரவு நலமா என்று சொல்லாது. மாதம் ஒருமுறை வீட்டுக் கணினியில் முழு பேக்கப்பையும் அதன்பிறகு வந்த லொக்குகளையும் வரிசைப்படி ஏற்றுங்கள். கடைசி லொக் வரும்வரை 'நோ ரிக்கவரி' என்றே ஏற்ற வேண்டும், இடையில் திறந்துவிட்டால் அடுத்த லொக் ஏறாது. பிறகு, தரவுத்தளத்தின் உள்ளே பிசகு இருக்கிறதா என்று பார்க்கும் 'செக்டிபி' கட்டளையை ஓடவிடுங்கள். அதன்பின் கடைசி பில்லின் இலக்கத்தையும் தொகையையும் கடையில் இருக்கும் தாள் பில்லோடு ஒப்பிடுங்கள். வீட்டில் இருக்கிற எஸ்கியூஎல் சேர்வர் கடையில் இருப்பதைவிடப் பழைய பதிப்பாக இருந்தால் ஏறவே ஏறாது. அதுவும் இப்படிப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

தினசரிக் கவனிப்புக்கு, வீட்டுக் கணினியில் ஒரு சின்ன கட்டளைக் கோப்பு வைத்து, கடை திறந்திருக்கும் நேரத்தில் கடைசியாக வந்த லொக் அரை மணிக்கு மேல் பழையதானால் உங்கள் கைபேசிக்குச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். 'பேக்கப் வெற்றி' என்று தினமும் வருகிற செய்தியை இரண்டாம் வாரம் யாரும் வாசிக்கமாட்டார்கள். வராமல் போனதையும் கவனிக்கமாட்டார்கள்.

நாளைக் காலை சேர்வர் எழும்பவில்லை என்றால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பதறி விண்டோஸை மறுபடி போடாதீர்கள். எம்டிஎஃப் இருந்த டிஸ்க் போய், எல்டிஎஃப் இருக்கும் டிஸ்க் நலமாக, எஸ்கியூஎல் சேர்வரும் ஓடிக்கொண்டிருந்தால், எஞ்சியிருக்கும் லொக்கை 'நோ ட்ரங்கேட்' தெரிவோடு ஒரு கடைசி பேக்கப்பாக எடுக்க முடியும். கடைசி 5 நிமிடப் பில்கள் அதற்குள் இருக்கும். இதற்காகவே இரண்டையும் வேறு வேறு டிஸ்கில் வைப்பது நல்லது. டிஸ்க் வினோதமாகச் சத்தம் போட்டால் உடனே அணைத்து, அதைக் கழற்றித் தனியே வையுங்கள், அதன்மேல் எதையும் எழுதாதீர்கள்.

பிறகு பிரதிக் கணினியில் இருப்பதன் ஒரு கொப்பியை இன்னொரு டிஸ்குக்கு எடுத்துவிட்டு, அந்தக் கொப்பியில் மீட்கத் தொடங்குங்கள். மூலத்தில் கை வைக்க வேண்டாம். மீட்பு நடக்கும்வரை கடையில் கையால் பில் எழுதட்டும், இலக்கமிட்ட பில் புத்தகம் ஒன்று லாச்சியில் எப்போதும் இருக்கட்டும். தரவுத்தளம் எழும்பியதும் அதில் உள்ள கடைசி பில் இலக்கத்தைப் பார்த்து, அதற்குப் பிந்திய தாள் பில்களையும் கையால் எழுதியவற்றையும் ஒருவர் வாசிக்க மற்றவர் பதிய ஏற்றுங்கள். அது முடிந்ததும், அன்றைக்கே, ஒரு புதிய முழு பேக்கப் எடுங்கள்.